கோடாலிக்குக் கிரைண்டர் வேண்டாம், அரம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் அண்மையில் வெளியான, பண்ணைக் கைக்கருவிகளின் பராமரிப்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். மண்வெட்டிக் காம்பை ஆடாமல் இறுக்குவது, மொண்ணையான கடப்பாரையைப் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்வது, மழைக்காலத்தில் எண்ணெய் தடவி வைப்பது என்று அதில் சொல்லப்பட்டிருந்தவற்றில் பெரும்பாலானவை சரியானவை. வேலை தெரிந்தவர் எழுதியது என்பதும் தெரிந்தது. ஆனால், மழுங்கிப்போன கோடாலிக்கு மின்சாரக் கை கிரைண்டரில் ஐந்து நிமிடத்தில் கூர் ஏற்றிவிடலாம் என்ற ஒரு வரியை மட்டும் அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் பகுதியில், விறகு வெட்டிப் பிழைப்பவர்களுக்கு நடுவில் குடியிருப்பவனும்கூட. அந்த யோசனையைக் கேட்டு நடந்தால் நல்ல கோடாலிகள் பாழாகும் என்பதையும், அதே வேலையை ஒரு தட்டை அரத்தைக் கொண்டு கையாலேயே செய்து முடிக்கலாம் என்பதையும் தங்கள் வாசகர்களுக்கு விளக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம் சற்று நீளுகிறது.

கோடாலியின் வாய், அதாவது வெட்டும் பகுதி, கெட்டியாக நிற்பதற்கு எஃகின் தரம் மட்டும் காரணமன்று. கொல்லர் அதை உலையில் சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுக்கிறார்; அதாவது, முக்கிச் சட்டென்று குளிரவைக்கிறார். தோய்ச்சல் முடிந்த கையோடு விட்டுவிட்டால் எஃகு அளவுக்கு மீறிய கடினத்தோடு, ஒரு மர முடிச்சில் பட்டாலே பொரிந்து விழும் நிலையில் இருக்கும். ஆகையால் அதை மறுபடியும் மிதமாகச் சூடேற்றி, கடினத்தைச் சிறிது குறைத்து, அடி தாங்கும் பதத்துக்குக் கொண்டுவருகிறார். இந்த இரண்டாம் சூட்டின் அளவைப் பட்டறையில் நிறத்தை வைத்தே கணிப்பார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகை மெல்லச் சூடாக்கினால், 220 அல்லது 230 டிகிரி செல்சியசில் வைக்கோல் மஞ்சளும், 250 டிகிரியைத் தாண்டியதும் பழுப்பும், 280 டிகிரியை நெருங்கும்போது ஊதாவும், 300 டிகிரி அளவில் நீலமும் தோன்றும். கோடாலி போன்ற கருவிகளுக்குப் பழுப்புக்கும் ஊதாவுக்கும் இடையில் நிறுத்திக்கொள்வது பழைய பட்டறைக் கணக்கு. நீலத்தைக் கடந்து சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டால், அந்த எஃகு வளையும், நசுங்கும்; கூர்மையைத் தாங்கி நிற்காது.

கை கிரைண்டர் செய்வது இதைத்தான். 4 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. அதை மெல்லிய ஓரத்தில் வைத்ததும் உண்டாகும் சூடு பரவிப் போவதற்கு அங்கே போதிய உலோகம் கிடையாது; காம்புத் துளையைச் சுற்றி உள்ள தடித்த பகுதி கைக்குக் குளிர்ச்சியாகவே இருக்கும்போது, வாயின் ஓரம் சில நொடிகளில் நீலம் பாய்ந்துவிடும். நடுநடுவே தண்ணீரில் முக்கி எடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நிறம் மாறுவதற்கு முன்பே முக்கினால் பலன் உண்டு. நிறம் மாறிய பிறகு முக்குவதால் போன பதம் திரும்பி வராது. அந்த ஓரம் சிவக்கும் அளவுக்கே காய்ந்துபோயிருந்தால் தண்ணீரில் முக்குவது இன்னும் கேடு. மெல்லிய ஓரம் மறுபடியும் தோய்ச்சல் ஏறிக் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளோடு நின்றுவிடும்.

இப்படிக் கெட்ட கோடாலியை அரத்தைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். எங்கள் தெருவில் விறகு பிளக்கும் ஒருவர், கிரைண்டர் பிடித்துத் தந்த கோடாலி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை என்று சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். வாயின் நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு நீலத் திட்டுகள் இருந்தன. அந்த இடங்களில் ஓரம் ஒரு பக்கமாக மடிந்து, விரலால் நெருடினால் உதடு போலத் தட்டுப்பட்டது. அரத்தை ஓட்டியபோது, நல்ல எஃகு உள்ள பகுதியில் சீரான ஓசையோடு நுண்ணிய தூள் விழுந்தது. நீலத் திட்டுக்கு வந்ததும் ஓசை அடங்கி, அரம் ஆழமாகக் கவ்விக்கொண்டு, பருத்த துகள்களை வழித்துத் தள்ளியது. நீல நிறத்தைத் துடைத்து எடுப்பது எளிது. அது மேற்பரப்பில் படிந்த மெல்லிய படலம்தான். அதற்கு அடியில் பதம் இழந்த எஃகை முழுவதும் அராவித் தள்ளி, அரத்தின் ஓசை மறுபடியும் சீராகும் வரை வாயைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஐந்து நிமிட வேலைக்காக, பல ஆண்டுகள் தேய வேண்டிய எஃகு ஒரே மூச்சில் போனது.

அரத்தால் இந்தத் தொல்லை கிடையாது. நல்ல அரத்தின் கடினம், உலோகக் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 60-க்கு மேல் இருக்கும். கோடாலி வாயின் கடினம் பெரும்பாலும் 50-க்கும் 58-க்கும் இடையில். ஆகவே அரம் கோடாலியைத் தாராளமாக வெட்டும். ஆனால் கை வேகத்தில் உண்டாகும் சூடு பதத்தைத் தொடக்கூட முடியாது. ஒருவேளை அரம் வெட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடினால், அந்த வாய் அளவுக்கு மீறிக் கடினமாக இருக்கிறது, முடிச்சில் பொரியக்கூடும் என்று தெரிந்துகொள்ளலாம். கருவியைத் தீட்டும்போதே அதன் நாடியையும் பிடித்துப் பார்க்க உதவுவது கிரைண்டரால் ஆகாத காரியம்.

அடுத்து, கட்டுரையாளர் தொடாமலே விட்டதும், என் எண்ணத்தில் கூர்மையைவிட முக்கியமானதுமான வடிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடாலி மழுங்கிவிட்டது என்றதும் எல்லோரும் வாயின் ஓரத்தையே பார்க்கிறார்கள். பாதிக் குறை அந்த ஓரத்துக்குப் பின்னால் இருக்கிறது. காம்புத் துளையிலிருந்து வாய்வரை சரிந்துகொண்டே வரும் ஆப்புதான் கோடாலி. ஆண்டுக்கணக்கில் ஓரத்தை மட்டும் தீட்டிக்கொண்டு வந்தால், வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்த பகுதிக்குள் பின்வாங்கிவிடும். பென்சிலின் மரத்தைச் சீவாமல் கரிமுனையை மட்டும் உரசிக்கொண்டே போவது போன்றது இது. அப்படிப்பட்ட கோடாலியில் மயிரை வழிக்கும் அளவுக்குக் கூர் இருந்தாலும் மரத்துக்குள் இறங்காது, எகிறும், வெட்டுபவரின் தோள்தான் நோகும்.

இதை அளந்தே பார்த்துவிடலாம். வாயின் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி வெர்னியர் காலிப்பரால் தடிமனைப் பார்க்க வேண்டும். சுமார் 4.5 மி.மீ. இருந்தால் அந்த ஆப்பின் கோணம் 25 டிகிரி, 5.4 மி.மீ. இருந்தால் 30 டிகிரி. 8 மி.மீ. காட்டினால் கோணம் 44 டிகிரியை நெருங்கிவிட்டது என்று பொருள். அது வெட்டுகிற கருவியாக இல்லாமல் சம்மட்டியின் வேலையைச் செய்யத் தொடங்கியிருக்கும். கடையில் புதிதாக வாங்கும் கோடாலிகளிலும் பல இந்தக் குறையோடுதான் வருகின்றன. பெயருக்கு ஓர் ஓரம் எடுத்து, வர்ணம் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். மீதி வேலை வாங்குபவருடையது என்பதை யாரும் சொல்வதில்லை.

எந்தக் கோணம் வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது. பச்சை மரத்தைக் குறுக்கே வெட்டிச் சாய்க்க 25 டிகிரி அளவு பொருந்தும். காய்ந்த சீமைக் கருவேலத்தின் முடிச்சுகளோடு மல்லுக்கட்டும் கோடாலிக்கு அவ்வளவு மெல்லிய வாய் ஆகாது. 30 டிகிரி வேண்டும். விறகு பிளப்பதற்கும் வாய் மெலிந்திருக்கக் கூடாது, மெலிந்தால் கட்டைக்குள் சிக்கிக்கொண்டு வர மறுக்கும். தூர் பறிக்கும் கோடாலியின் கதை வேறு. வேரோடு ஒட்டியிருக்கும் மண்ணும் சரளையும் எந்தக் கூர்மையையும் தின்றுவிடும் என்பதால் அதற்கு 35 டிகிரி வைத்துக்கொண்டு, அந்தக் கோடாலியை வேறு எதற்கும் தொடாமல் ஒதுக்கி வைப்பதுதான் நல்லது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்ட பிறகு, தூரோடு பறிக்கும் வேலை தென் மாவட்டங்களில் எவ்வளவு நடந்தது என்பது தங்களுக்குத் தெரியும். ஒரே கோடாலியை மரத்துக்கும் தூருக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டு, எஃகு மட்டம் என்று கொல்லரைக் குறை சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி அராவும் முறை. 10 அல்லது 12 அங்குலத் தட்டை அரம் ஒன்று, பற்கள் சற்றுப் பெரிதாக உள்ள பாஸ்டர்ட் வகையில் வேண்டும். வடிவம் வந்த பிறகு மெருகேற்றப் பற்கள் நெருக்கமான செகண்ட் கட் வகையில் இன்னொன்று இருந்தால் நலம். அரத்தின் வாலுக்கு மரக் கைப்பிடி கட்டாயம் போட வேண்டும். கைப்பிடி இல்லாத அரம் வழுக்கினால், கூரான வால் உள்ளங்கையில் ஏறிவிடும். ஊர்ப்பக்கம் பத்தில் எட்டு அரங்கள் இன்னும் மொட்டை வாலோடுதான் கிடக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. கோடாலியை, மேசையில் பொருத்திய இடுக்கியான பெஞ்ச் வைசில், முழங்கை உயரத்தில், ஆடாமல் பிடிக்க வேண்டும். வைஸ் இல்லாத வீட்டில், வெட்டுக்கட்டையின் மேல் கோடாலியைப் படுக்க வைத்து, இரண்டு முளைகளுக்கு நடுவில் ஆப்பு அடித்து இறுக்கிக்கொள்ளலாம். கோடாலி ஆடினால் அரம் தத்தும். தத்தினால் அரத்தின் பல்லும் போகும், கோணமும் போகும்.

அரம் முன்னோக்கித் தள்ளும்போது மட்டுமே வெட்டும். திரும்பி வரும்போது அதைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அழுத்தியபடி பின்னுக்கு இழுப்பவர்கள் புது அரத்தை ஒரே வாரத்தில் மொண்ணையாக்கிவிடுகிறார்கள். முதலில் வாயின் ஓரத்தைத் தொடவே கூடாது. ஓரத்திலிருந்து இரண்டு, இரண்டரை அங்குலம் பின்னால் தொடங்கி, பக்கங்களில் உள்ள தடிப்பை விசிறி போன்ற வளைவில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொண்டு முன்னால் வர வேண்டும். ஒரு பக்கத்தில் எத்தனை தள்ளு தள்ளினோமோ, அத்தனையே மறுபக்கத்திலும் தள்ள வேண்டும். இல்லையேல் வாய் நடுக்கோட்டை விட்டு ஒதுங்கி, கோடாலி வெட்டும்போது ஒரு பக்கமாக இழுக்கும். பக்கங்களைத் தட்டையாக அராவாமல் மெல்லிய புடைப்போடு விடுவது முக்கியம். அந்தப் புடைப்புதான் செதிலைத் தள்ளிவிட்டு, கோடாலி சிக்காமல் வெளியே வர வழி செய்கிறது. அரம் எங்கே படுகிறது என்று தெரியாமல் தடுமாறுபவர்கள், மார்க்கர் பேனாவால் பக்கத்தைக் கறுப்பாக்கிவிட்டு இரண்டு தள்ளு தள்ளிப் பார்க்கலாம். கறுப்பு அழிந்த இடம் எது, அழியாத இடம் எது என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

வாயின் வளைவு கெடாமல் பார்த்துக்கொள்வதற்கும் எளிய வழி உண்டு. கோடாலி புதிதாக இருக்கும்போதே அதை ஓர் அட்டையின் மேல் வைத்து வாயின் வளைவை வரைந்து வெட்டி வைத்துக்கொண்டால், பிறகு எப்போது வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழகாத கை நடுவில்தான் அதிகம் அராவும். மேல் முனையும் கீழ் முனையும் அப்படியே நிற்க, வாய் உள்வாங்கிவிடும். அப்படி உள்வாங்கிய கோடாலியின் முனைகள் மரத்தில் முதலில் பட்டுப் பொரிந்துபோகும். வாயில் பல் விழுந்திருந்தால், அந்தப் பள்ளம் முழுவதும் மறையும் வரை அராவித் தீர வேண்டும் என்ற அவசியமும் இல்லை. சிறிய பள்ளம் வெட்டுக்குத் தடையாவதில்லை. அடுத்தடுத்த தீட்டலில் தானே மறையும்.

பக்கங்கள் சரியான பிறகுதான் ஓரத்துக்கு வர வேண்டும். அரத்தை வாயின் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தள்ளினால் பிசிறு குறைவாக விழும். ஓரமும் சுத்தமாக வரும். ஆனால் கை வழுக்கினால் நேராக வாயின் மேல்தான் போய் விழும் என்பதால், தடித்த கையுறை இல்லாமலும், அரத்தின் வாலில் ஒரு தோல் துண்டையாவது தடுப்பாகக் கோக்காமலும் அப்படிச் செய்யக் கூடாது. புதிதாகப் பழகுபவர்கள் உள்ளிருந்து ஓரத்தை நோக்கித் தள்ளுவதே பாதுகாப்பு; பிசிறு கூடுதலாக விழுந்தால் விழட்டும். அந்தப் பிசிறைத் தீட்டுக்கல்லில், முதலில் சொரசொரப்பான பக்கத்திலும் பிறகு நைசான பக்கத்திலும், இரு புறமும் மாற்றி மாற்றித் தேய்த்து எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பிசிறோடு விடப்பட்ட கோடாலி முதல் நாலு வெட்டுக்கு அபாரமாக இருக்கும். அதன் பிறகு பிசிறு மடிந்து, மொண்ணையாகிவிடும்.

அரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அரத்தில் எண்ணெய் படக் கூடாது. பட்டால் வழுக்கும், தூளும் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும். சாக்பீசை அரத்தின் மேல் தேய்த்துவிட்டு வேலை செய்தால் தூள் ஒட்டாது. ஒட்டியதைக் கம்பித் தூரிகையால் பல்லின் போக்கிலேயே தட்டிவிட வேண்டும். ஸ்பேனரோடும் சுத்தியலோடும் ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்கினால், வேலை செய்யாமலே அரம் தேய்ந்துவிடும். (தேய்ந்த அரத்தையும் எறிந்துவிட வேண்டாம். அதில் கார்பன் மிகுந்த நல்ல எஃகு இருக்கிறது. பட்டறையில் கொடுத்தால் கத்தியோ உளியோ ஆகும்.)

இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வடிவம் கெட்ட கோடாலியை முதல் முறை சரிசெய்ய அரை நாள்கூட ஆகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு தடவைச் செலவு. பக்கங்கள் ஒழுங்காகிவிட்ட கோடாலிக்கு அதன் பிறகு வேலைக்குக் கிளம்புமுன் தீட்டுக்கல்லில் சில தேய்ப்பும், எப்போதாவது அரத்தால் பக்கத்துக்குச் சில தள்ளும்தான் தேவைப்படும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மரம் அறுக்கும் பெட்ரோல் இயந்திரத்தை வைத்திருப்பவர்கள் அதன் சங்கிலிப் பற்களை எதனால் கூராக்குகிறார்கள்? பற்களின் அளவுக்கேற்ப 4 மி.மீ. அல்லது 4.8 மி.மீ. உருண்டை அரத்தைக் கொண்டு, ஒவ்வொரு பல்லாக, கையாலேதான். பெட்ரோல் ஊற்ற நிறுத்தும் இடைவெளியிலேயே அதை முடித்துவிடும் தேர்ச்சி எங்கள் பகுதி இளைஞர்களுக்கு இருக்கிறது. சங்கிலிக்கு அரம் பிடிக்கத் தெரிந்த அதே கை, கோடாலி என்றதும் கிரைண்டர் கடையைத் தேடி ஓடுவது எனக்கு விளங்கவில்லை. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாக்கப்படும் வனாந்தரப் பகுதிகளில் மோட்டார் கருவிகளுக்குப் பொதுவாகத் தடை இருப்பதால், அங்குள்ள வனத்துறை ஊழியர்கள் இன்றும் கோடாலியும் மரம் அறுக்கும் இழுப்பு வாளும் கொண்டு பாதையில் விழுந்த மரங்களை அகற்றுகிறார்கள். அந்தக் கோடாலிகளுக்கும் அரமே துணை.

அரத்தால் எல்லாம் முடியும் என்று நான் வாதிடவில்லை. பதம் ஏற்றிய பகுதி முழுவதும் தேய்ந்து, வாய் மெத்தென்ற இரும்புக்குள் போய்விட்ட கோடாலியை எவ்வளவு அராவினாலும் பயனில்லை. அதைக் கொல்லுப் பட்டறைக்குக் கொண்டுபோய், வாயை அடித்து நீட்டி, புதிதாகத் தோய்ச்சல் கொடுத்து வாங்க வேண்டும். திருப்பாச்சேத்தி போன்ற, அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர்களில் அந்தக் கைத்திறன் இன்னும் இருக்கிறது. லாரிப் பட்டையில் (லாரியின் வில் தகட்டில்) அடித்த கோடாலி நல்ல தோய்ச்சலோடு அமைந்துவிட்டால் கடைச் சரக்கு அதன் பக்கத்தில் நிற்காது. கால்மிதிச் சாணைக்காரரிடமும் எனக்குக் குறை இல்லை. அவருடைய கல் மெதுவாகச் சுற்றுகிறது. தண்ணீர் விட்டுக்கொண்டே பிடித்தால் சூடு ஏறாது. கிரைண்டரையும் அறவே ஒதுக்கச் சொல்லவில்லை. காம்புத் துளைப் பக்கம் சம்மட்டி அடி வாங்கிப் பிதுங்கிய கொண்டையைச் சீர்செய்ய அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பதம் உள்ள வாயின் அருகில் மட்டும் அது வர வேண்டாம்.

இது தொடர்பாக இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, தங்கள் வேளாண் பக்கத்தில் அந்த ஒரு வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். இயலுமானால் அரம் பிடிக்கும் முறையைப் படங்களோடு போட வேண்டும். எழுத்தைவிடப் படம் இந்த விஷயத்தில் கூடுதலாக உதவும். இரண்டாவது, வேளாண்மைத் துறைக்கு. மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, இரும்புச் சட்டி ஆகியவை அடங்கிய கைக்கருவித் தொகுப்பு விவசாயிகளுக்கு மானிய விலையில் வழங்கப்படுகிறது. அந்தத் தொகுப்பில் கைப்பிடி போட்ட 10 அங்குலத் தட்டை அரம் ஒன்றையும் சேர்க்கலாம். மண்வெட்டிக்கும் களைக்கொத்துக்கும்கூட அது உதவும். பக்கத்தில் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தின் பிட்டர் பிரிவில் ஒரு பிற்பகல் செயல்விளக்கத்துக்கு ஏற்பாடு செய்வதும் கடினமன்று. அங்கே வைஸ் பொருத்திய மேசைகள் வரிசையாக இருக்கின்றன. முதலாம் ஆண்டு மாணவர்கள் தொடக்கத்திலேயே பழகும் வேலைகளில் ஒன்று அரம் பிடிப்பதுதான். கோடாலியை மட்டும் விவசாயிகள் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிட்டர் பிரிவுப் பயிற்றுநர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.